திருப்பிப் பாக்க முடியாத காசு

அடுப்படில நின்னுக்கிட்டே எழுதறேன் அக்கா, அதான் எழுத்து கோணலா இருக்கு. உனக்கு முட்டி வலி கம்மியா? ரேணுகாம்பாள் அம்மன் புண்ணியத்துல நான் நல்லாருக்கேன்.

நேத்து உன் புள்ள சூர்யா, நான் சமையல் பண்ற இந்த ஆம்பூர் தோல்ஷாப்பு முதலாளி பாய் வூட்டுக்கே வந்துட்டான். கிரிப்டோவாம், போன்லயே ஓடுற காசாம். அதுக்குக் கம்பெனி தொடங்கறான், பாய் பணம் போடணுமாம். பாய் சிரிச்சாரு.

"தோலுன்னா உள்பக்கம் திருப்பிப் பாத்து வாங்குவேன் தம்பி. உன் காசை எங்க திருப்பறது?"

இவன் விடாம ஒரு மணி நேரம் பேசினான். கடைசில பாய் என்னைக் கூப்ட்டாரு.

"வசந்தாம்மா, பதினெட்டு வருஷத்துல நீ ஒரு பொய் சொன்னதில்ல. இவனை நம்பிப் போடலாமா? நீ சரின்னா இப்பவே போடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கரண்டியும் கையுமா நிக்கறேன். அம்மன் சத்தியமா, "எனக்குத் தெரியாதுங்க பாய்"னுதான் வாயில வந்துச்சு.

"நல்லா இருக்கு சித்தி உன் சொந்தம்!"னுட்டு சூர்யா பிரியாணியத் தொடாமலே போய்ட்டான். எனக்கும் சோறு எறங்கல. இங்க சொல்லி அழ ஆளில்ல. கோயில் குங்குமமும் நீ அரைச்ச மொளகாத்தூளும் குடுத்தனுப்பு. அடுப்புல பால் பொங்குது, நிறுத்திக்கறேன்.

உன் தங்கச்சி
வசந்தா

அய்யய்யோ, இப்பதான் ஞாபகம் வருது. அடுத்து நம்ம ஊரு திமிரி மகளிர் குழுவுல பணம் கேக்கப் போறேன்னு வாசப்படில சொல்லிட்டுப் போனான். குழுத் தலைவி நீதானே அக்கா.