சுவடிக்குச் சிவப்புத் துணி

14 மார்ச் 1979

மாதுளைத் தோலில் இன்று வந்த மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கிறது. துணியில் கஞ்சி போகுமுன்பே முக்கிவிட்டேன். அவசரக் குடுக்கை! நாளை மறுபடி.

மத்தியானம் ஊரிலிருந்து தர்மசந்திரன் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர்ச் சமணக் கோயிலை, ஜினாலயத்தை, அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மே முப்பது சுருத பஞ்சமி. வருஷா வருஷம் அன்றைக்குக் கோயில் ஓலைச்சுவடிகளை இறக்கித் தூசி தட்டிப் புதுத் துணி சுற்றி வைப்பார்கள்.

"கடைத் துணி சாயம் போயி ஓலையில ஒட்டுதும்மா. ஆறு சுவடிக்கும் சிவப்புல, நீ பண்ற மாதிரி இலை அச்சு போட்டு..."

அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். இந்தத் திருவண்ணாமலையில் இலையை வைத்துத் துணியில் அச்சு எடுக்கிறவள் நான் ஒருத்திதான். வேறு யாரைக் கேட்பார்கள்?

இதுவரை நான் சிவப்பு செய்ததே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

19 மார்ச்

நாட்டு மருந்துக் கடையில் அரக்கு வாங்கி, இடித்து ஊறவைத்துக் காய்ச்சினேன். அப்படி ஒரு சிவப்பு! கொடியில் காயும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

22 மார்ச்

நாத்தனார் மருதேவி வந்தார். விரதக்காரர். பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மிச்சமிருந்த அரக்கை எடுத்து நகத்தால் பிட்டார்.

"இது என்னா தெரியுமா?"

"மரத்துப் பிசின் அண்ணி."

"பிசின் இல்ல ஜினமதி, பூச்சிக் கூடு. உள்ள பாரு."

பார்த்தேன். கடுகில் பாதி இருக்கும். கருப்புக் கருப்பாகச் செத்த உடம்புகள்.

தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற வீடு இது. நெருப்பில் பூச்சி விழும் என்று இருட்டினால் அடுப்பே மூட்டாதவள் நான். என்ன பண்ணிட்டேன் — பட்டப்பகல்ல, கொதிக்கக் கொதிக்க — எத்தனை ஆயிரமோ! அதைச் சுவடிக்குச் சுத்தக் குடுக்க இருந்தேனே.

துணியைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். எரிக்க மனசு வரவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

23 மார்ச்

அண்ணி கிளம்பும்போது சொன்னது: "செவப்புக்குன்னு சாயவேரும் வாணாம். புடுங்கினா செடியே செத்துது. வேரு, கிழங்கு நம்ம வாய்க்கே ஆவாது, சுவடிக்கு மட்டும் ஆவுமா?"

பூச்சி கூடாது. வேர் கூடாது. சிவப்பு மட்டும் வேண்டும்.

சரி, பார்த்துவிடலாம்.

11 ஏப்ரல்

செம்பருத்தி சாம்பலாகப் போனது. மருதாணி காவி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்ததில் நல்ல ஆரத்திச் சிவப்பு வந்து ஒரே அலசலில் ஓடிப்போனது. மஞ்சளும் கிழங்குதான் என்பது அதன்பிறகுதான் உறைத்தது. புத்திசாலி!

இவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "காவியே குடுத்துடேன். யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

நான் கேட்பேனே.

2 மே

அடி அண்ணாமலை போனேன். வழக்கமாக எனக்குச் சாயத்துக்கு ஆவாரம்பூ தருகிற தங்கம்மாளின் இரண்டு உள்ளங்கையும் சிவப்பு. காயமா என்று பதறினேன். அவர் சிரித்தார்.

"காயம் இல்லீங்கம்மா, தேக்குக் கொழுந்து. கெணத்து மேட்டுல ஒரு மரம் மட்டும் துளிர் வுட்டிருக்குது. தண்ணி எறைக்கிற கமலைக்கு எடஞ்சலா இருந்துச்சி, ஒடிச்சிப் போட்டேன். கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போவாது."

ரெண்டு நாளைக்குப் போகாதா!

சின்ன வயதில் நானும் கசக்கி விளையாடியவள்தான். அதெப்படி மறந்தேன்? வரப்பு முழுக்கத் தேக்கு வைத்திருக்கிறார் தங்கம்மாள். ஆனால் வெயிலில் எல்லாம் மொட்டை. கிணற்று மேட்டில் ஐந்து கொழுந்து கிடைத்தது. ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

4 மே

துணியைக் கடுக்காய்த் தண்ணீரிலும் படிகாரத்திலும் ஊறவைத்து, கொழுந்தை விரித்து, கழியில் இறுகச் சுருட்டிக் கட்டி ஆவியில் வேகவைத்தேன். காலையில் பிரித்தால் இலை அப்படியே துணியில் படுத்திருக்கிறது, நரம்பு நரம்பாக! மூன்று தடவை அலசியும் அசையவில்லை.

ஆறு துணிக்கு அறுபது கொழுந்தாவது வேண்டும். மழை பெய்தால்தான் மரம் துளிர்க்கும்.

12 மே

மழை இல்லை.

16 மே

தர்மசந்திரன் கார்டு போட்டிருக்கிறார்: 'முடியாவிட்டால் சொல்லிவிடு, கடையில் எடுத்துக்கொள்கிறோம்.' 'எடுக்க வேண்டாம்' என்று இரண்டே வார்த்தையில் பதில் போட்டேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

17 மே

மழை! ஆலங்கட்டியோடு. மலையே தெரியவில்லை. வாசலில் நின்று நனைந்தேன். இவர் திட்டினார். திட்டட்டும்.

26 மே

மரமெல்லாம் துளிர். கிளைக்கு இரண்டு கொழுந்துக்கு மேல் கிள்ளவில்லை.

"இன்னும் ஜாஸ்தியா பறிச்சிக்கோங்க, யாரு வேணாம்னா?" என்றார் தங்கம்மாள். போதும் என்றேன்.

28 மே

ஆறும் முடிந்தது. நேற்றும் இன்றும் பொழுது சாயுமுன் அடுப்பை அணைத்துவிட்டேன். அரக்குச் சிவப்பு இல்லை இது. கொஞ்சம் கருத்த சிவப்பு, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. இருக்கட்டும். தேக்கு தருவது இதுதான். இதைத்தான் கொடுப்பேன்.

30 மே

ஜினாலயத்தில் எல்லார் முன்னாலும் அண்ணி கேட்டார்.

"பூச்சி?"

"இல்ல."

"வேரு?"

"இல்ல."

"மரம்?"

"நல்லா இருக்குது. வேணும்னா வந்து பாருங்க."

யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. விரலை நனைத்துத் துணி ஓரத்தை அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. முதல் சுவடியைத் தாமே எடுத்துச் சுற்றினார். ஓலைமேல் இலை.

பஸ் ஏற்றிவிட வந்தவர், "அந்தப் பழைய துணிய என்னா பண்ணே?" என்றார்.

"பெட்டியில இருக்குது அண்ணி. என்ன பண்றதுன்னு தெரியல."

"ஒளிச்சி வெக்காத. தெரியாம எடுத்த உசுருங்க. கண்ணுல படற எடத்துல வை."

31 மே

அரக்குத் துணியை எடுத்துச் சாயத் தொட்டிக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். காலை வெயில் அதன்மேல் விழுகிறது.

என்ன சிவப்பு! பொய் சொல்ல மாட்டேன், என் கையில் வந்ததிலேயே அழகான நிறம் அதுதான். இனி வராது.

அடுப்பு மூட்டிவிட்டேன். இன்றைக்கு ஆவாரம்பூ.