கடல் ராஜா சபையில் அப்பா

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், எங்களைச் சுமக்கிற கப்பலும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதே மாதிரி இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆய்வகத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறாய், வீட்டுக்கு வந்தும் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறாய், உட்கார்ந்து சாப்பிட்டால் நாற்காலி ஒன்றும் தேய்ந்துவிடாது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு திருத்துகிறார். இந்த விஷயத்தை அவர் திருத்தாமல் நீ கேட்க வேண்டும். அதனால் வரவேற்பு மேஜையில் தாள் வாங்கி எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்து கப்பல்காரர்கள் கொடுத்த நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறார், நான் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைப்பு.

வீட்டுச் சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், அவர் ஊற்றுகிற ஊற்றலுக்கு நாங்கள் திரும்பிப் போகும்போது வரவேற்பறையிலும் ஒரு சின்னக் கடல் இருக்கும். சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய் சொன்ன பாவம் வரும். காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை இங்கே சாப்பாடுதான். பஃபே முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்தால் நாளைக்குக் கப்பல் மூழ்கப் போகிறது என்று இவர்களுக்கு மட்டும் யாரோ ரகசியமாகச் சொல்லிவிட்ட மாதிரி தட்டை நிரப்புகிறார்கள். மேல்தளத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள், விடிவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு படுத்திருக்கும், துண்டுக்கு உரியவர் மதியம்தான் வருவார். உன் அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அல்லவா, இந்த அநியாயத்தைத் தாங்க முடியாமல் இரண்டு நாள் புலம்பினார், மூன்றாம் நாள் நம் துண்டும் போய்ப் படுத்துக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது சமையலறையில் நின்று ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா. அப்பா உனக்காக என்னிக்காவது ஒண்ணையாவது விட்டுக்கொடுத்திருக்காராம்மா என்று. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். என்ன சொல்வது? பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவருக்கு, டி.வி. ரிமோட் அவருக்கு, எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவருக்கு. இந்தக் கப்பல் அறையில்கூட வட்ட ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவருடையது. கடலை நான் அவர் தோளுக்கு மேலாகத்தான் பார்க்கிறேன்.

அப்பா பூமத்திய ரேகையைத் தாண்டிய கதை உனக்கு மனப்பாடம். டிப்போ வேலைக்கு வருவதற்கு முன்னால் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாகப் போனது, கோட்டைத் தாண்டுகிற அன்று முதல்முறைக்காரர்களை எல்லாம் கடல் ராஜா சபையில் நிறுத்தியது, பாதித் தலையை மழித்து மேலே எண்ணெய் ஊற்றியது, ராஜா சூலாயுதத்தை நெஞ்சில் வைத்தபோதும் அப்பா கண்ணை மூடாதது. போட்டோ எங்கே என்று கேட்டால் கேமராவே கடலில் விழுந்துவிட்டது என்பார். சின்ன வயதில் நீ அந்தக் கதையைக் கேட்டுத்தான் சாப்பிடுவாய், இப்போது உன் மகள் பள்ளிக்கூடத்தில் தாத்தாவைத் திமிங்கிலத்தின்மேல் உட்கார வைத்துப் படம் வரைந்து பரிசு வாங்கியிருக்கிறாள். நீ இந்த வழியாகப் போகிற கப்பலாகப் பார்த்து எங்களை ஏற்றியதே அப்பா அந்தக் கோட்டை மறுபடி ஒருமுறை பார்க்கட்டும் என்றுதானே. ஆனால் நீ டிக்கெட் அனுப்பிய நாளிலிருந்து அவர் முகம் சரியில்லை. முதலில் முழங்கால் வலி என்றார், பிறகு ரத்த அழுத்தம் என்றார், பிறகு இவ்வளவு பெரிய கப்பல் எனக்குப் பிடிக்காது என்றார். மகள் காசு வீணாகிறதே என்ற கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் மூன்று முறை கோட்டைத் தாண்டியவராம், முதல் நாளே சொல்லிவிட்டார், இரண்டாம் நாளும் சொன்னார். நானும் விடுவேனா, எங்க வீட்டுக்காரரும் தாண்டினவர்தான், அதுவும் சரக்குக் கப்பல்ல, உங்களை மாதிரி சொகுசா இல்ல என்றேன். டாக்டருக்குச் சுருக்கென்றது. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த மாசம் என்று பல்லைக் குடைகிற மாதிரி குடைந்தார். அப்பா குனிந்து சூப்பைக் குடித்துக்கொண்டே, கோட்டைத் தாண்டினதும் வாஷ்பேசின்ல தண்ணி எதிர்ப்பக்கமா சுத்தும் டாக்டர், அதைப் பார்த்திருக்கீங்களா என்று பேச்சை மாற்றினார். அப்புறம் நான் எங்கள் அறை வாஷ்பேசினில் பார்த்துவிட்டேன், தண்ணீர் எந்தப் பக்கமும் சுற்றாமல் நேராக உள்ளே போனது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டுகிற அன்று இந்தக் கப்பலிலும் விளையாட்டாகக் கடல் ராஜா விழா உண்டு, அதற்கு முந்தின நாள் மாலை எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஏற்கெனவே தாண்டியவர்கள் கைதூக்குங்கள் என்றார்கள். அப்பா கையை மடியிலேயே வைத்திருந்தார். அடக்கம் பார் இந்த மனுஷனுக்கு என்று அவர் கையைப் பிடித்து நான்தான் தூக்கினேன். இவர், இவர் என்று கத்தவும் செய்தேன். உடனே ஒரு பெண் வந்து தோளில் நீல நாடா மாட்டிவிட்டாள், நாளைக்கு ராஜா பக்கத்தில் நாற்காலி என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு நாடா இல்லை, நான் முதல்முறைக்காரி, குற்றவாளிகள் வரிசை. பேத்தி வேறு, பாட்டி மீனுக்கு முத்தம் கொடுக்கிற வீடியோ வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தாள்.

விழா எப்படி இருந்தது என்று கேட்காதே. கப்பல் கோட்டைத் தாண்டியது விடியற்காலையில், எல்லாரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது. ஆனால் கடல் ராஜா காலைச் சாப்பாடு முடிந்து, மேஜை துடைத்து, பத்தரை மணிக்குத்தான் கடலிலிருந்து எழுந்து வந்தார், அதுவும் லிப்டில். ராஜா யார் தெரியுமா, தினமும் காலையில் எங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பையன், துடைப்பத்தைக் கழற்றித் தாடியாக வைத்திருந்தான். ராணி, கப்பலின் எலெக்ட்ரீஷியன், மீசையை எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் முன்னால், பெரிய பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் மருமகள் ஆறிப்போன காபி கொடுத்தால் மூன்று நாள் பேசாதவர்கள், வரிசையில் வந்து மண்டியிட்டார்கள். முகத்தில் பச்சைக் கஞ்சி பூசிக்கொண்டார்கள், மரக்கத்தியால் சவரம் செய்துகொண்டார்கள், சமையலறையிலிருந்து வந்த செத்த மீனுக்கு முத்தம் கொடுத்தார்கள், கடைசியில் குளத்தில் தள்ளப்பட்டார்கள். காசு கொடுத்து அவமானப்படுவதற்கு இவ்வளவு கூட்டமா என்று சிரித்துக்கொண்டே நின்றேன், என் முறை வரும்வரை.

இரவில் பாட்டுக் கச்சேரி நடத்துகிற ஆள்தான் நீதிபதி. என்மேல் என்ன குற்றம் படித்தான் தெரியுமா? சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தினமும் வாழைப்பழங்களைக் கைப்பையில் கடத்துவது. கப்பலே சிரித்தது. அறையைச் சுத்தம் செய்கிற பெண்ணைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள், இருக்கட்டும். கஞ்சியும் பரவாயில்லை, மீனும் பரவாயில்லை, உதட்டை மடித்துக்கொண்டேன். குளத்துப் படிக்கு வந்ததும்தான் எனக்குக் கால் நகரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், இங்கே ஆழத்தைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள், அதைப் படித்ததனால்தான் பயமே வந்தது. நான் தண்ணீருக்கு எவ்வளவு பயப்படுவேன் என்று உனக்குத் தெரியும். கைப்பிடிக் குழாயில் கஞ்சி வழுக்குகிறது, பின்னால் இருக்கிற இளசுகள் போங்க பாட்டி என்கிறார்கள், முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து நீதிபதி மைக்கை அப்பாவிடம் நீட்டினான். சபையிலேயே மூத்தவர், முதல்முதலா தாண்டின அனுபவத்தை ரெண்டு வார்த்தை சொல்லணும் என்றான். அப்பா எழுந்தார். பல் டாக்டர் அடுத்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன், முகமெல்லாம் பச்சை, எப்படி இருந்தேனோ. அவர் நாடாவைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மைக்கில், எல்லாரும் கேட்க, நான் இதுவரைக்கும் தாண்டினதே இல்லப்பா, இன்னிக்கு இவகூடத்தான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வரிசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வாயைப் பிளந்தார், அவர் வாயிலும் இரண்டு அடைத்த பல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் என்ன செய்தது என்கிறாய்? கைதட்டியது! மனைவிக்காக எப்படி ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தார் பார் என்று எல்லாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். டாக்டரே பிறகு வந்து, பிரமாதமான நடிப்பு சார் என்று கைகுலுக்கினார். மனுஷன் விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. சபையில் பொய் சொன்ன குற்றத்துக்கு நீதிபதி இரட்டைத் தண்டனை விதித்தான், இரண்டு பங்கு கஞ்சி, இரண்டு முத்தம். சூலாயுதத்துக்கே கண்ணை மூடாதவர் மீனைப் பக்கத்தில் கொண்டு வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அப்புறம் கையை விடாமல் இரண்டு பேரும் குளத்தில் இறங்கினோம். மார்பளவுதான். உள்ளே போனபிறகு எனக்கு வெளியே வர மனமில்லை.

அறைக்கு வந்து அவர் காதுக்குள் இருந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே, ஏங்க, நல்லா நடிச்சீங்க என்றேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், கதை அதோடு முடிந்திருக்கும். காது சிவந்துவிட்டது. நடிக்கல, நிஜம்தான் என்றார். கப்பல் ஏறிய அன்றே வாந்தியாம், முதல் துறைமுகத்திலேயே இறக்கி விட்டுவிட்டார்களாம், பூமத்திய ரேகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். கதை முழுக்க அந்தக் கப்பல் சமையல்காரர் சொன்னது. என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது வேலை என்ன என்று என் அப்பா கேட்டிருக்கிறார், வேலை இல்லை, அதனால் கோட்டைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு எனக்கு இரண்டு இடம் வந்திருந்தது, இன்னொருவருக்குத் தபால் அலுவலகத்தில் நல்ல வேலை. உலகத்தைப் பார்த்தவர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இவரைக் கட்டிக்கொண்டேன். நாற்பது வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், அந்தச் சோற்றை ஊருக்கெல்லாம் பரிமாறியதும் நான்தான்.

கோபம் வரவில்லையா என்பாய். வந்தது, நன்றாகவே வந்தது, துண்டை வீசி எறிந்தேன். ஈரத் துண்டு அவர் தலையிலேயே விழுந்தது, அப்படியே எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து அழுகையும் வந்துவிட்டது. அவரிடம் இருந்த ஒரே பெருமை அதுதான் கண்ணு. டிப்போவில் பதவி உயர்வு வரவில்லை, வீடு பெரிதாகக் கட்டவில்லை, அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தார். அதை மைக்கில் போட்டு உடைத்துவிட்டு வந்தார், நான் ஒரு குளத்துப் படியில் பயந்து நின்றதற்காக.

பிள்ளைகிட்டச் சொல்லிடுவியா என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. இனி எங்கள் மேஜையில் அந்தப் பழைய கதை வராது போலிருக்கிறது, நேற்றிலிருந்து புதிய கதைதான் ஓடுகிறது, ஒரு நாளைக்குள் மீன் முழங்கை நீளத்திலிருந்து ஆள் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது, உங்களிடம் வந்து சேரும்போது அது சுறாவாகியிருக்கும். சுறாவென்றால் சுறா என்றே கேட்டுக்கொள். பேத்தியின் திமிங்கிலப் படம் சுவரிலேயே இருக்கட்டும்.

அடுத்த துறைமுகத்தில் இதைத் தபாலில் போடுகிறேன். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள், அவள் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளாமல் இருக்கச் சொல். நீ உட்கார்ந்து சாப்பிடு, மறக்காதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. சமையலறையில் நீ கேட்டாயே, அதற்கு மட்டும் பதிலை வைத்துக்கொள்: விட்டுக்கொடுத்திருக்கிறார். பூமத்திய ரேகையையே கொடுத்திருக்கிறார். நேற்று இரவு ஜன்னல் பக்கத்துக் கட்டிலையும் கேட்டுப் பார்த்தேன். அதெல்லாம் முடியாது என்றுவிட்டார்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா