அண்ணன் கொல்லை

அம்மா,

நேற்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் கூடை நிறைய முந்திரிப்பழம் வைத்திருந்தாள். தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்த வாடை. வாங்கவில்லை. செந்துறை பஸ் வரும்வரை கூடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அப்பா நெஞ்சு நோயில் படுத்தபோது, தாத்தா உனக்குக் கல்யாணச் சீராக வாய்ச்சொல்லில் கொடுத்த முந்திரிக் கொல்லையை மாமாவிடம் ஒத்திக்கு விட்டாய். பணத்தைத் திருப்பும்வரை விளைச்சல் அவருக்கு, அதுதான் வட்டி. எழுதிக்கொள்ளலாம் என்று இருமலுக்கிடையே அப்பா சொன்னார். "கூடப் பொறந்தவங்ககிட்ட எழுதி வாங்கறதா? நாலு பேரு சிரிப்பாங்க" என்றாய்.

ஒத்தி என்ற சொல்லையே நீ வாயில் எடுக்கவில்லை. அது அண்ணனைக் கடன் கொடுத்தவராக ஆக்கிவிடும் என்று கூசினாய். யார் கேட்டாலும் "எங்க அண்ணன் கொல்லை" என்பாய், கொஞ்சம் பெருமையாகவே. அடுத்த வீட்டு அத்தை சீண்டுவார்: "உன் கொல்லைய அண்ணன் கொல்லைங்கற. அண்ணன் வூட்ட உன் வூடுன்னு சொல்லிப் பாரேன், உங்க அண்ணி வெளக்குமாத்தத் தூக்கிட்டு வரும்." நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

அப்பா போய்விட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் பத்திரிகை வேலையில் சேர்ந்தேன். களை வெட்டியும் பால் விற்றும் நீ சேர்த்த பணத்தோடு, காய்ப்பு ஓய்ந்த ஆடியில் இருவரும் மாமா வீட்டுக்குப் போனோம். காய்ப்பு முடிந்த பிறகு திருப்புவதுதான் முறை. வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினாய். மாமா தட்டைத் தொடவில்லை.

"எதுக்கு பாப்பா இது?"

"கொல்லைக்குத்தாண்ணே."

"எந்தக் கொல்லைக்கு?"

நான் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினேன். அங்கும் மாமா குரலை உயர்த்தவில்லை. "அதுவே ஊரெல்லாம் அண்ணன் கொல்லைன்னுதானே சொல்லிச்சு? இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

நான் எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

"சொன்னேங்க. நெசந்தான்."

மரியாதைக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கூட்டம் கேட்டிருக்கும். வரும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணனப் பொய்யன்னு சபையில எப்படிடா சொல்றது?" என்றாய். அன்று இரவு நீ சாப்பிடவில்லை.

அதன் பிறகு மாமா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "பொறந்த வூட்டுக் கோடி வராம என்னத் தூக்கிடாதீங்கடா." உடன்பிறந்தவர் கொண்டுவந்து கடைசியாகப் போர்த்தும் புதுப்புடவை. நீ கண்ணை மூடியதும் மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். பந்தலில் எல்லோரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்தது. அடுத்த வீட்டு அத்தை எழுந்து போய், தன் பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத புடவை ஒன்றை எடுத்து வந்தார். "அண்ணன் வூட்டுதுதான் ஆயி, வந்துடுச்சு" என்று உன் காதோரம் சொல்லிப் போர்த்தினார்.

நேற்று பஸ் கொல்லையைக் கடந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் வழியே காட்டினார். "நல்ல காப்பு. யாரு கொல்லைங்க அது?"

எது யாருடையது என்று விசாரித்து எழுதியே தலை நரைத்தவன் நான். எங்க அம்மா கொல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையை நீ பிடித்து இழுத்தது போல இருந்தது.

"எங்க மாமா கொல்லைங்க" என்றேன்.