படிவத்தின் பின்பக்கம்

றுமானாவுக்கு,

ஸலாம். உன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. எத்தாளையில் உன் உம்மா வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அரசாங்கத்திடம் யாரும் தகவல் கேட்கலாம், அது உரிமை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை நம்பித்தான், என் மகன் கடலில் மூழ்கி மௌத்தானதைப் பற்றிய விசாரணை அறிக்கையைக் கேட்டேன். கந்தோரில் படிவம் தந்த பிள்ளை நல்லவள். "காரணம் எழுதத் தேவையில்ல லாத்தா, கேட்டாப் போதும்" என்று ஒரு தங்கச்சி போலச் சொன்னாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் கேட்டால் யார் தருவார்கள்? படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதினேன். படகு பழுது என்று தெரிந்தும் முதலாளி அவனை அனுப்பினார், அதைக் கண்டவர் உன்னைக் கட்டின மாப்பிள்ளை என்று எழுதினேன். உன் குசினி அடுப்படியில் வைத்து எனக்கு மட்டும் நீ சொன்ன கதை அது.

சம்பந்தப்பட்டவரிடமும் கருத்துக் கேட்க வேண்டுமாம். என் தாளைப் பிரதி எடுத்து முதலாளிக்கே அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு உன் மாப்பிள்ளையை ஒருவரும் படகில் ஏற்றவில்லை. அவர் என் வாசலுக்கு வந்து, "என்ட பேரையும் எழுதினீங்களா லாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

ஓம் என்றேன்.

அறிக்கை நேற்று வந்தது. நேரில் கண்டவர் எவருமில்லை என்று அதில் இருக்கிறது.

இந்தத் தாளைத் திருப்பிப் பார், றுமானா. பின்பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அதில் ஒரு வரி எழுதி அனுப்பு. ஏசியாவது எழுது.

உன் பக்கத்து வீட்டு லாத்தா