ஒரு விரல் இடம்

நேற்று பரணிலிருந்து இறக்கிய துணிமூட்டையைப் பிரித்ததும் தறி எண்ணெய் வாசம் அடித்தது. தறிக்குப் போடும் எண்ணெயைத்தான் உங்கள் தூண்டில் ரீலுக்கும் போட்டு வைத்திருக்கிறீர்கள். "சும்மாதான கெடக்குது, நான் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டு என் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். நீங்கள் கண்ணை மூடிய இந்த ஆறு மாதத்தில் அந்த மூட்டையை நான் தொடவே இல்லை. துக்கத்தால் என்று அவன் நினைத்திருப்பான். வெட்கத்தால்தான் தொடவில்லை.

தூத்துக்குடிக்கு லாரியில் லோடு ஏற்றிப்போன ஒரு தடவை, கப்பல் சாமான் விற்கும் கடையில் அதை வாங்கி வந்தீர்கள். கடலில் பெரிய மீன் பிடிக்கிற ரீல். பித்தளைச் சொம்பு அளவு இருந்தது. "லாரியத் தூக்கறதுக்கு வாங்கிட்டு வந்தாரா?" என்று தெருவே சிரித்தது. நீங்கள் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். மேட்டூர் அணைத் தண்ணீரில் ஒரு பெரிய வாளை மீன் உங்கள் நூலை அதற்கு முன் பல தடவை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதை ஒரு நாள் ஆட்டையாம்பட்டித் தெருவுக்குள் தோளில் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது உங்கள் ஆசை. லாரிக்காரன் கறிக்கு ஆசைப்பட்டுக் கரையில் காய்கிறான் என்று கேலி பேசும் என் அண்ணன்மார் வாசல் வழியாக வரவேண்டும்.

நூலைக் கெஜக் கணக்கில் விற்கிறார்கள், வெட்டினால் திரும்ப வாங்கமாட்டார்கள் என்றீர்கள். மாதிரிக்கு ஒரு சாண் துண்டு கொண்டுவந்திருந்தீர்கள். பச்சை நைலான் இழைகளைச் சடை போலப் பின்னிய நூல்.

"இந்த உருளையில எத்தன கெஜம் புடிக்கும் அம்மணி?"

நெசவுக்காரி வீட்டில் நூலைப் பற்றிக் கேட்டால் சும்மா இருப்பேனா? பருத்தி நூலைப் புரி சேர்த்து அதே தடிமனுக்கு முறுக்கினேன். ரீலை ராட்டையில் பூட்டி, அதன் விளிம்பு வரை சுற்றினேன். பிறகு தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற தெருவில், நட்டிருக்கும் கல்லுக்குக் கல் இழுத்து அளந்தேன். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் எத்தனை கெஜம் என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அளவைச் சொன்னேன். உங்களிடம் மட்டுமா சொன்னேன்? தண்ணீர்க் குழாயடி வரை போய்ச் சொன்னேன்.

அடுத்த லோடில் அதே அளவு நைலான் நூல் வாங்கி வந்தீர்கள், அதையும் ராட்டையில் சுற்றினேன். பருத்தி சொன்ன பேச்சைக் கேட்கும், நைலான் கேட்கவில்லை. வழுக்கியது, துள்ளியது. கடைசிப் பாகம் உள்ளே போகவே மறுத்தது. ராட்டையில் ரீல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த நீங்கள் மெதுவாகத்தான் கேட்டீர்கள்.

"கொஞ்சம் எடம் உடலாமா அம்மணி?"

"தாரை நெறையச் சுத்துனாத்தானுங்க தறி நிக்காம ஓடும். ஊட்டுல நூல் சுத்தறது நானா, நீங்களா?"

தறியில் குறுக்கே ஓடும் ஓடத்துக்குள் வைக்கும் நூல்குச்சிதான் தார்; அதைக் குறையாகச் சுற்றினால் எங்கள் வீட்டில் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி இறுக்கிச் சுற்றி, விளிம்பு தெரியாமல் நிரப்பினேன். என் கணக்கு சரியாக வந்துவிட்டது. அன்று எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மேச்சேரி தாண்டி அணைக்கரைக்கு நானும் வந்தேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு தம்பியும் வந்தான். உங்களோடு ஓட்டுகிற டிரைவர்கள் நாலைந்து பேர். தடி மூங்கிலில் ரீலைப் பட்டை போட்டு முடுக்கியிருந்தீர்கள். வெயில் சாயும்போது வாளை கவ்வியது. நூல் ஓடிய சத்தத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். அதை ஓடவிட்டு, களைக்கவிட்டு, நீங்கள் சுற்றிச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தீர்கள். வெள்ளை வயிறு தெரிந்தது. தம்பி முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டான்.

அப்போது கைப்பிடி நின்றுபோனது. ராட்டையில் நான் இறுக்கியது போல மீனோடு மல்லுக்கட்டும் கையால் இறுக்க முடியுமா? நூல் தளர்ந்து மேடுகட்டி, ரீலின் குறுக்குக் கம்பியில் முட்டிக்கொண்டது. கட்டைவிரலால் மேட்டைத் தள்ளப் பார்த்தீர்கள். மீன் ஒரு உதறு உதறியது. நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது, பிறகு தொய்ந்தது. கொக்கி மட்டும் திரும்பி வந்தது.

எல்லோரும் ரீலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? உங்கள் விரலில் ரத்தம் சொட்டச் சொட்ட, "நாஞ் சுத்துனது சரியாத்தான் இருந்துச்சு. இவருக்குத்தான் கை ஓடல" என்றேன்.

நீங்கள் துண்டால் விரலைச் சுற்றிக்கொண்டே, "ஆமாங்க, எனக்குத்தான் கை ஓடல" என்றீர்கள்.

ஸ்டியரிங் பிடித்துச் சோறு போடுகிற மனுசனுக்கு அது எப்படிப்பட்ட பேர்! 'கை ஓடாத டிரைவர்' என்று லாரிப்பேட்டையில் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் அண்ணன்மாரும் கூப்பிட்டார்கள். என் காதில் விழாமல் இல்லை. தப்பு என் மேல் என்று எனக்கு அன்று இரவே தெரியும். தெரிந்தும், அது தானாக அடங்கிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ரீல் பரணுக்குப் போனது. உங்களுக்கு மீன் ஆசை விட்டுப்போனது என்று நானாக ஒரு முடிவு கட்டிக்கொண்டேன்.

நேற்று துணியை முழுதும் விலக்கினால், ரீலில் நூல் விளிம்பு வரை இல்லை. சீராகச் சுற்றி, மேலே இடம் விட்டு, நறுக்கென்று வெட்டியிருந்தது.

"இதை யாருடா வெட்டுனது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "மச்சாந்தான். அதுக்கப்பறமும் நாங்க போனோம்க்கா. இதுலதான் அந்த வாளையப் புடிச்சாரு. என் நெஞ்சு ஒசரம் இருந்துச்சு."

"ஊட்டுக்கு ஏன்டா கொண்டாரல?"

"அங்க இருந்தவங்களுக்கே அறுத்துக் குடுத்துட்டாரு. மீனைக் கொண்டுபோனா, நூலை வெட்டுனதும் உங்கக்கா அளவு தப்புன்னும் ஊருக்கே தெரிஞ்சுபோயிருமப்பா, அவகிட்ட மூச்சுக்கூட உட்ராதன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

நானே ஊரைக் கூட்டிச் சொன்ன அளவு அது. அதைக் காப்பாற்றுவதற்காக, நீங்கள் ஆசைப்பட்ட மீனை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு இந்த வாசலில் வந்து நின்றிருக்கிறீர்கள். அன்றைக்கும் நான், "எங்க சுத்திட்டு வாரீங்க?" என்றுதான் கேட்டிருப்பேன். நீங்களும் ஏதோ லோடு என்று சொல்லியிருப்பீர்கள்.

தம்பியிடம் ரீலைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். லாரிப்பேட்டையில் மச்சான் பிடித்த வாளையைப் பற்றிச் சொல்லு, அன்றைக்கு இடம் விடாமல் நூல் நிரப்பியது எங்கக்காதான் என்பதையும் சேர்த்துச் சொல்லு என்றேன். சொல்வான். கேட்க நீங்கள் இல்லை.

கொடுப்பதற்கு முன்னால் நூலுக்கும் விளிம்புக்கும் நடுவில் என் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு விரல் இடம். அன்றைக்குக் கேட்டீர்களே, கொஞ்சம் எடம் உடலாமா அம்மணி என்று.

உடலாமுங்க.