மாடிப்படி இங்கிலீஷ்

ஜபல்பூர்
12-3-1944

நைனாவுக்குக் காஞ்சனாவின் நமஸ்காரம். தணிகை முருகன் அருளால் இங்கே நாங்கள் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

கீழ்வீட்டு சரளா கணவரை இழந்தவள், இந்திக்காரி. டெலிபோன் ஆபீஸ் வேலை கிடைக்காவிட்டால் மாமனார் வீட்டுக்கே போகவேண்டிய நிலை. நம் மலையில் படிக்கொரு பாட்டுப் பாடுவோமே, அதுபோல எங்கள் மாடிப்படியில் படிக்கொரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். அர்த்தம் சொன்னால்தான் அடுத்த படி. "திருத்தணி மலையையே தூக்கிகினு வந்துட்டியே!" என்று இவர் சிரித்தார்.

இன்டர்வியூவில், காதில் விழுந்ததை வெளியே சொல்லாத குணத்துக்கு என்ன பெயர் என்று துரை கேட்டாராம். சரளாவுக்கு மறந்துவிட்டது. எழுந்து, முணுமுணுத்தபடி நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாளாம்.

"என்னம்மா, கால் மரத்துப்போச்சா?"

"இல்லை சார், ஒன்பதாம் படிக்குப் போறேன்."

ஏறி முடித்ததும், "டிஸ்க்ரீஷன்!" என்றாளாம். நைனா, வேலை கிடைத்துவிட்டது!

வேலை நாக்பூரில். இன்று சாயங்காலம் ரயில். கொஞ்சம் விபூதியும் பருப்புப்பொடியும் அனுப்புங்கள். அம்மா சொல்வதையும் சேர்த்து நீளமாக எழுதுங்கள், இனிப் பகலில் தனியாக இருக்கையில் படிக்க ஆகும். சரளாவுக்குப் புளிச்சோறு கட்டவேண்டும், முடிக்கிறேன். ஸ்டேஷனில் நான் அழமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்
காஞ்சனா