அப்பு வாய் வைத்த மீன்

செவ்வாய், இரவு

செம்பனைக் காட்டில் பன்றிக்கு வைத்த கண்ணியில் கால் மாட்டிய பூனையை அப்பா தூக்கி வந்தார். வந்ததிலிருந்து அது எதையும் தின்னவில்லை. இன்றும் தின்னாவிட்டால் நாளை குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று மிருக டாக்டர் சொல்லியிருந்தார். அந்த உடம்பு அதைத் தாங்குமோ என்னவோ.

எங்கள் நாய் அப்பு அதைப் பயமுறுத்திவிடுவான் என்று அவனை அறைக்குள் விடாமல் வைத்திருந்தேன். இன்று மாலை கதவைச் சாத்த மறந்துவிட்டேன். உள்ளே போனவன் நேராக அதன் தட்டில் இருந்த அவித்த கெம்போங் மீனில் வாய் வைத்தான். அதுவரை தலையே தூக்காத பூனை உறுமியது. ஊர்ந்து வந்து அவன் மூக்கில் ஓர் அறை விட்டு, மீனை முள்ளோடு தின்றது.

அப்புவை விரட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுலா. உன் தட்டுல தம்பி கைய வச்சா மட்டும் நீ சும்மா இருப்பியா?”

இப்போது இரண்டும் ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கின்றன. கட்டுப் போட்ட காலை அது இன்னும் ஊன்றவில்லை. நாளை மீன் கூடுதலாக வாங்க வேண்டும். அதற்கு ஒரு பெயரும் வைக்க வேண்டும்.